வீட்டுப் பாத்திக் கோஸ்

பதினான்காவது நிமிடத்தில் திரையில் கோடு எழுந்தது. எழுந்திருக்கக் கூடாது. மோனிஷா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் முறையாக அதே இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முனை.

அந்தக் கருவி கோஸில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். எந்த மருந்து எந்த நிமிடத்தில் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. பதினான்காவது நிமிடத்தில் வருவது அவள் ஊரான வட்டவடையில் எல்லா விவசாயிகளும் வாங்கி அடிக்கும் மருந்து. மூணாறிலும் பாலக்காட்டிலும் கடை கடையாக ஏறி, வட்டவடை கோஸா என்று கேட்டு வாங்கிய பன்னிரண்டு கோஸில் அது இருந்தால் ஆச்சரியமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தானே எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் வேதியியல் கடைசிப் பருவத்தில் இந்தப் பிராஜெக்டே. ஆனால் இப்போது கருவிக்குள் போனது அந்தப் பன்னிரண்டில் ஒன்று அல்ல. இது பதின்மூன்றாவது. மருந்தே படாத கோஸ். அவள் அப்பா மொக்கையன் வீட்டுப் பாத்தியில் வளர்த்து அனுப்பியது.

மருந்து படாத கோஸ் ஒன்று கையில் இருந்தால்தான் மற்றதை அளக்க முடியும். அதில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, கருவி அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தராசுத் தட்டில் ஒன்றும் வைக்காமலே முள் சாய்ந்து நின்றால், அந்தத் தராசில் எதை நிறுத்து என்ன பயன்?

"கழுவுனியா?" என்று பின்னால் இருந்து கேட்டாள் தமிழ்ப்ரியா. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரி. அதே வகுப்பு, பக்கத்து மேசை.

"மிக்ஸி, கத்தி, பலகை எல்லாம் அசிட்டோன் விட்டு மூணு தரம் கழுவிட்டேன்."

"அப்பறம் எப்புடி வருது? மிக்ஸிக்கே பூச்சி விழுந்துருச்சா என்ன?"

மோனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிராஜெக்டுக்கு வழிகாட்டும் ஜிபி சார் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவர் பாலா ஊர்க்காரர், மலையாளி. தமிழ் மாணவர்களிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார்.

"கோஸ் இல்லாதெ வெறும் ரீஏஜென்ட் மட்டும் ஓட்டிப் பார்த்தோ?"

"பாத்தேன் சார். அதுல ஒண்ணும் வரல."

"அப்போ பாத்திரத்தில பிரஷ்னம் இல்ல. மருந்து கோஸில தன்னே. இது எவிடத்தே கோஸ்?"

"எங்க வீட்டுதுதான் சார். எங்கப்பா வீட்டுக்குன்னு போடுறதுல மருந்து அடிக்க மாட்டாரு."

"உறப்பாணோ?"

"உறுதியா சொல்றேன் சார்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மெஷீன் உனக்கு புதனும் வியாழனும் கிட்டும். அதுக்கப்புறம் வேற டிப்பார்ட்மென்டுக்குப் போகும். இருபத்தெட்டாம் தேதி சப்மிஷன். நல்ல கன்ட்ரோல் கோஸ் இல்லாதெ நான் ரிப்போர்ட்டில ஒப்பு இட மாட்டேன், மோனிஷே. இல்லெங்கில் அடுத்த பேட்சோட ஆறு மாசம் கழிச்சு சப்மிட் செய்யலாம். அது உன் இஷ்டம்."

அவர் போனதும் தமிழ்ப்ரியா கிசுகிசுத்தாள். "இந்த முனையோட அளவ எல்லாத்துலயும் கழிச்சுட்டு எழுதீரு புள்ள. என்ற சீனியர் ஒருத்தி அப்படித்தான் பண்ணுனா."

"அவளுக்கு என்ன கிடைச்சுச்சு?"

"கல்யாணம் கிடைச்சுச்சு. அத உடு. நீ கழிப்பியா மாட்டியா?"

மாட்டாள் என்று இருவருக்குமே தெரியும். கழித்தால் என்ன ஆகும் என்பதும் மோனிஷாவுக்குத் தெரியும். சுத்தக் கோஸிலேயே மருந்து இருந்தால், அதை அடிப்படையாக வைத்து அளக்கும் எல்லாமே உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். பன்னிரண்டு கோஸும் நல்ல பிள்ளைகளாகிவிடும். ஊருக்கு நல்லதுதான். ஆனால் அது அளவு இல்லை.

சனிக்கிழமை விடியும் முன்பே, கல்லூரி இருக்கும் பாலக்காட்டுச் சித்தூரில் பஸ் ஏறினாள். பொள்ளாச்சியில் மாறி, உடுமலையில் மாறி, காட்டைக் கடந்து மறையூர் வழியாக மூணாறு. அங்கே வட்டவடை ஜீப்பில் பதினோராவது ஆளாக, மடியில் தெர்மோகோல் பெட்டியோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா, "பெட்டிக்குள்ள மீனா, ஆத்தா?" என்று கேட்டார். "காலிப் பெட்டிதான்" என்றாள். அந்த அம்மா நம்பவில்லை. வழி நெடுக மூக்கைச் சேலையால் மூடியபடி வந்தார்.

வழியெல்லாம் அவள் ஒரே ஒரு போன் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்துக்கு முன்பு அப்பாவிடம் பேசியது. "நம்ம வீட்டுப் பாத்திக் கோஸ் நாலு வேணும்ப்பா. மருந்து அடிக்காதது. சாருக்குக் குடுக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. என்ன படிக்கிறாய் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் கெமிஸ்ட்ரி என்பாள். அவரும் விட்டுவிடுவார். ஊரே கோஸும் கேரட்டும் பூண்டும் விற்றுச் சாப்பிடுகிறது. அந்தக் கோஸில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் படிப்பு என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

வட்டவடையில் எல்லா வீட்டுக்கும் ஒரு வீட்டுப் பாத்தி உண்டு. தோட்டத்தில் விளைவது வியாபாரியின் லோடுக்கு. வீட்டுக்குப் பின்னால், இரண்டு கட்டில் அகலத்தில் விளைவது அடுப்புக்கு. அதில் மருந்து அடிக்க மாட்டார்கள். அதைப் பற்றி வெளியாட்களிடம் பேசவும் மாட்டார்கள். வியாபாரி வந்தால் கொல்லைப்புறம் கூட்டிப் போக மாட்டார்கள். பேசக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஜீப் இறக்கிவிட்டபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மோனிஷா வீட்டுக்குள் போகாமல், தோள் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனாள்.

பாத்தியில் எட்டுக் கோஸ் மிச்சம் இருந்தன. குனிந்து ஒன்றின் இலையைத் திருப்பினாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஓர் ஓட்டை இல்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாத்தியில் விளைந்த கோஸ் சல்லடையாகத்தான் இருக்கும். நறுக்கியதை உப்புத் தண்ணீரில் போட்டால் புழு மிதந்து வரும். அம்மா அதை வழித்து ஊற்றிவிட்டு வதக்குவாள். பார்சலில் வந்த நாலும் இப்படித்தான் வழவழவென்று இருந்தன. அப்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. சந்தேகம் வரவில்லை. இரண்டு வருடம் வேதியியல் படித்தவளுக்கு ஓட்டை இல்லாத கோஸைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

"வந்ததும் வராததுமா கோஸப் பாக்க ஓடுறா பாரு" என்று அம்மா சாந்தம்மாள் பின்னால் வந்தாள். "எப்படி இருக்கு? இந்த வருசம் உங்கப்பா கண்ணுக்குள்ள வச்சுல்ல வளத்தாரு."

"மருந்து அடிச்சாரா?"

"சே, வீட்டுப் பாத்தியில யாருடீ அடிப்பா?"

"ஓட்டையே இல்லையேம்மா."

சாந்தம்மாள் கோஸைப் பார்த்தாள். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "நீயே கேட்டுக்க" என்றாள்.

மொக்கையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேள்வியைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார். நாம தின்கிறதில் மருந்தா, யார் சொன்னது என்றார். மோனிஷா இலையைத் திருப்பிக் காட்டியதும் குரல் இறங்கியது.

"ஒரே ஒரு மூடிதான்த்தா ஊத்துனேன். அரை டேங்குத் தண்ணிக்கு."

"ஏம்ப்பா?"

"ஏன்னா? காலேஜுக்குப் போற கோஸு. சாருக்குக் குடுக்கப் போறேங்குற. அவரு வீட்டுல அந்த அம்மா வெட்டும்போது புழு நெளிஞ்சா என்ன நெனைப்பாங்க? வட்டவடைக்காரன் பொண்ணு குடுத்தது இதுதானான்னு கேக்க மாட்டாங்களா?"

"மருந்து அடிக்காததுன்னு சொன்னேனேப்பா."

"அதான் பன்னெண்டு நாள் விட்டுட்டுத்தான பறிச்சேன்! நடுவுல ரெண்டு மழை வேற. பத்து நாள்ல மருந்து எறங்கிரும். எறங்குனதுக்கப்பறம் அடிக்காததும் அதுவும் ஒண்ணுதான்."

"எறங்கலப்பா. மூணு தரம் பாத்துட்டேன்."

"எதுல பாத்த?"

அப்போதுதான் மோனிஷா சொன்னாள். நின்றபடியே, பை தோளில் தொங்க, எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் வாங்கிய பன்னிரண்டு கோஸ், கருவி, பதினான்காவது நிமிடம், புதனும் வியாழனும், இருபத்தெட்டாம் தேதி. சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப நம்ம ஊருக் கோஸுல விசம் இருக்குன்னு எழுதத்தான் உன்னப் படிக்க அனுப்புனனா?"

"எவ்வளவு இருக்குன்னு பாக்குறதுப்பா. இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேன்."

"அடிக்காம ஒரு கோஸ் எடுத்துக் காட்டச் சொல்லு உங்க சார."

அவர் உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். சாந்தம்மாள் மட்டும் பொதுவில் பேசினாள். "சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டாரு. சாருக்குன்னா யாருக்கும் அப்படித்தான் தோணும்." கை கழுவ எழுந்தபோது மொக்கையன் கேட்டார்.

"சாருகிட்ட என்ன சொல்லிக் குடுத்த?"

"எங்கப்பா வீட்டுக் கோஸுல மருந்து அடிக்க மாட்டாருன்னு. உறுதியான்னு கேட்டாரு. உறுதின்னு சொன்னேன்."

அவர் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

மறுநாள் காலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது அவர்தான். "பெட்டிய எடு. உங்க மாமன்கிட்டக் கேப்போம்."

பெரியமுத்து, சாந்தம்மாளின் அண்ணன். மலைச்சரிவின் மேல் தட்டில் வீடு. அவரிடம் ஒன்று கேட்டுப் போவது என்றால் மொக்கையனுக்குப் பல் பிடுங்குவது மாதிரி. கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார். போனபோது அவர் தோட்டத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரியின் டிரைவர் வண்டியில் சாய்ந்து கட்டன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே! விடிஞ்சதும் என்னத் தேடி வந்திருக்கீங்க. மழை வருமோ?"

"நாலு கோஸ் வேணும் மச்சான்."

"மலையாக் கெடக்கு. அள்ளிக்கங்க."

மொக்கையன் டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இது இல்ல. பின்னாடி உள்ளது."

"பின்னாடி என்ன உள்ளது?" பெரியமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "முன்னாடி பின்னாடி எல்லாம் நம்மகிட்ட ஒரே கோஸுதான். மருந்தே காணாத கோஸு. என்ன டிரைவர் அண்ணே?"

டிரைவர் சிரித்தார். "நான் எந்தெங்கிலும் சோதிச்சோ? ஒண்ணும் கேக்கலயே."

லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, வண்டி வளைவில் மறையும்வரை மூவரும் கேரட் விலையைப் பேசிக்கொண்டு நின்றார்கள். மறைந்ததும் பெரியமுத்து திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க. உங்க பாத்தியில என்ன கேடு?"

மொக்கையன் செருப்பைப் பார்த்தார். "அடிச்சுப்புட்டேன்."

"எதுல?"

"வீட்டுப் பாத்தியில."

பெரியமுத்து சிரித்த சிரிப்பில் கீழ்த் தட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க தங்கச்சியக் கொல்லப் பாத்தீங்களா மாப்ளே? கேசு குடுக்கட்டுமா?" என்றார். காரணத்தைக் கேட்டதும் இன்னொரு தடவை சிரித்தார். பிறகு மோனிஷாவைப் பார்த்தார்.

"எதுக்குத்தா உனக்கு அது?"

மாமா முன்னால் அவள் வாய் திறந்து பேசியது குறைவு. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். அப்பா சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். மொக்கையன் பார்வையை லோடு போன பக்கம் திருப்பிக்கொண்டார். கறிக்கு வேணும், சாருக்கு வேணும் என்று ஏதாவது சொல்லி வாங்கிக்கொண்டு போகலாம்தான். மறுபடி ஒரு அரைகுறைச் சொல்லோடு ஜீப்பில் ஏற அவளால் முடியாது. நேற்று அப்பாவிடம் சொன்னதையே சொன்னாள். இந்த முறை கொஞ்சம் சுருக்கமாக வந்தது.

"எங்க பேரு வருமா?"

"பேரு வராது மாமா. கடையில வாங்குனதுதான். யாரு தோட்டத்துதுன்னு எனக்கே தெரியாது. ஊரு பேரு வரும். வீட்டுக்குன்னு தனியாப் போடுறோம்ங்கறதும் வரும். சுத்தக் கோஸ் எங்க கிடைச்சுச்சுன்னு எழுதணும்."

பெரியமுத்துவின் சிரிப்பு போய்விட்டது. "இப்ப இருக்குற கோஸ வச்சே எழுதுனா?"

"எல்லாம் கொறைச்சுக் காட்டும்."

"அப்ப அது நமக்கு நல்லதுதான?"

"சார் ஒத்துக்க மாட்டாரு. நானும் எழுத மாட்டேன்."

"உங்க பொண்ணு வெவரமாத்தான் பேசுது மாப்ளே. நான் கோஸ் குடுத்தா எனக்கே கெடுதல். குடுக்கலைன்னா அதுக்குக் கெடுதல்." அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். "இரு. பன்னெண்டு நாள் விட்டும் எறங்கலைன்னா சொன்ன?"

"ஆமா மாமா. மூணு தரம் ஓட்டிப் பாத்தேன்."

"மழை பெஞ்சுமா?"

"ரெண்டு மழை" என்றார் மொக்கையன்.

"நான் பத்து நாள்ல பறிக்கிறேன். ஊரே பத்து நாள்ல பறிக்குது. மருந்துக் கடைக்காரன் பத்து நாள்னுதான் சொன்னான். எங்க பேத்தி வெளையாடும்போது தோட்டத்துக் கேரட்டப் பிடுங்கி மண்ணத் துடைச்சுட்டுத் திங்குது. நானும் பத்து நாள் ஆச்சே, தின்னட்டும்னு விட்டுர்றேன்." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "எத்தன நாள்ல எறங்கும்?"

"தெரியல மாமா. அதுக்கும் சுத்தக் கோஸ் வேணும்."

பெரியமுத்து எழுந்து வீட்டைச் சுற்றிப் போனார். திரும்பி வந்தபோது கையில் நாலு கோஸ். அவ்வளவு அசிங்கமான கோஸை மோனிஷா கல்லூரி போன பிறகு பார்த்ததில்லை. வெளி இலை முழுக்கப் பூச்சி தின்று நரம்பு மட்டும் நின்றது. ஒன்றின் மேல் பச்சைப் புழு ஒன்று ஊர்ந்தது.

"இதத்தான் உங்கப்பன் சாருக்குக் குடுக்க வெக்கப்பட்டான்" என்றார். பிறகு லோடு போட்ட இடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த கோஸ் ஒன்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். "இது பத்து நாளைக்கு முன்னாடி அடிச்சது. தேதிய எழுதிக்க. இதுல எவ்வளவு நிக்குதுன்னு எனக்குச் சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த தரம் உங்கம்மா வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"சொல்றேன் மாமா."

"மாப்ளே, நீங்க வீட்டுப் பாத்தியில அடிச்ச கதைய மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அதுக்கு நீங்க ஒண்ணும் கேக்கக் கூடாது."

"சொல்லித் தொலைங்க" என்றார் மொக்கையன்.

புதன்கிழமை காலை ஜிபி சார் பெட்டியைத் திறந்தவுடன் இரண்டடி பின்னால் போனார். தமிழ்ப்ரியா புழுவைக் காகிதத்தில் எடுத்து ஜன்னல் வழியே விட்டாள். "ஏனுங்க, எலப்புள்ளிப் பக்கம் போங்க, அங்க கோஸு மலிவு" என்று அதற்கு வழி சொன்னாள். மோனிஷா நறுக்கினாள், அரைத்தாள், கரைப்பானில் குலுக்கினாள், சுழற்றித் தெளிய வைத்தாள், வடித்தாள். மதியத்துக்கு மேல் சின்னக் குப்பியைக் கருவியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பதிமூன்று நிமிடம் ஆனது. பதினான்கு. பதினைந்து. கோடு படுத்தே கிடந்தது. தமிழ்ப்ரியா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதன் பிறகு தெரிந்த அளவு மருந்தைக் கலந்து ஓட்டியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று திரும்பி வந்தது. சார் இரண்டு தடவை பார்த்துவிட்டு, போதும், மற்றதை ஓட்டு என்றார். வியாழன் சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தன. ஐந்தில் அளவு, அரசு அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தது. பழைய கோஸை வைத்து அளந்திருந்தால் அதில் மூன்று வரம்புக்குள் வந்திருக்கும். நேரம் மிச்சம் இருந்ததால் பெரியமுத்துவின் கோஸையும், அப்பா அனுப்பியதில் மிச்சம் இருந்த கோஸையும், அடித்த தேதி போட்டு ஓட்டினாள்.

அறிக்கையில், சுத்த மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்ற இடத்தில் அவள் எழுதியிருந்ததை ஜிபி சார் பேனாவால் தொட்டார். விவசாயக் குடும்பங்கள் தங்கள் சாப்பாட்டுக்காக, மருந்து அடிக்காமல், தனியாக வளர்க்கும் பாத்தியிலிருந்து எடுத்தது என்று எழுதியிருந்தாள்.

"மருந்து அடிக்காத தோட்டம்னு போட்டாப் போதும். இத்தன நீளம் எதுக்கு?"

"தோட்டம் இல்ல சார். தோட்டத்துல அடிக்கிறாங்க. இது வீட்டுக்கு மட்டும். அப்படிச் சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன்."

அவர் பேனாவை எடுத்து அடுத்த பக்கம் போனார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தெட்டாம் தேதி கொடுத்துவிட்டு வெளியே வந்து மாமாவுக்குப் போன் செய்தாள். பின்னால் வண்டிச் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டது.

"பத்து நாள்ல எறங்கல மாமா. வரம்புக்கு ரெண்டு மடங்கு நிக்குது. அப்பாவோடது கொஞ்சமா அடிச்சதுனால கொறைவு, ஆனா இருக்கு."

"எத்தன நாள் விடணும்?"

"ரெண்டு கோஸ வச்சுச் சொல்ல முடியாது. மூணு வாரமாவது இருக்கும்னு தோணுது."

"மூணு வாரமா? முத்துன கோஸ அவ்வளவு நாள் விட்டா வெடிச்சுப் போயிரும்த்தா."

"தெரியும் மாமா."

அந்தப் பக்கம் அவர் யாரையோ அதட்டினார். சத்தம் குறைந்தது. எங்கோ தள்ளி வந்து நின்றிருக்க வேண்டும்.

"அப்ப உருண்டை பிடிக்க ஆரம்பிச்சதுமே கடைசி மருந்து அடிச்சு நிறுத்திரணும். அதுக்கப்பறம் புழு விழுந்தா வியாபாரி வெலையில கொறைப்பான். ஒரு வரிசை மட்டும் அப்படி விட்டுப் பாக்குறேன். பறிச்சா உனக்கு ஒண்ணு அனுப்பட்டா? இன்னும் மெஷின் இருக்குல்ல?"

"எனக்கு நேரம் முடிஞ்சுருச்சு மாமா. அடுத்த வருசப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். சார்கிட்டக் கேட்டுப் பாக்குறேன்."

"கேளு. எங்க கோஸுன்னு சொல்லியே கேளு" என்றார் பெரியமுத்து. போனை வைத்தார்.

மோனிஷா மறுபடி படியேறி ஆய்வகத்துக்குப் போனாள். ஜிபி சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "சார், எங்க மாமா தோட்டத்துக் கோஸ் ஒண்ணு அனுப்புவாரு, அடுத்த பேட்ச்ல ஓட்டிப் பாக்க முடியுமா?" என்று வாசலிலேயே கேட்டாள்.